கியூபெக் மூதாதையரைத் தேட எது உதவும்: பி.ஆர்.டி.ஹெச்., ட்ரூவேன், தாங்கே?

கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கின் கத்தோலிக்கத் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயரும் இருக்கும்; தாயின் பெயர் அவள் பிறந்தவீட்டுப் பெயராகவே இருக்கும். ஒரு திருமணத்திலிருந்து முந்தைய திருமணத்துக்குத் தாவித் தாவியே 17ஆம் நூற்றாண்டுவரை போய்விடலாம். தடம் தவறுவது பெரும்பாலும் ஆண்களின் குடும்பப் பெயரில்தான்.

பிரான்சிலிருந்து 1665இல் வந்திறங்கிய கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர்களுக்கு லாஃப்ளர், சான்சூசி, ஜோலிகர் என்று பட்டாளப் பெயர்கள் இருந்தன. இப்படி ஒட்டிய இரண்டாம் பெயருக்கு முன் 'தி' (என்கிற) வரும். படையோடு தொடர்பில்லாத குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. 'உடோன் தி போலியூ' வழித்தோன்றல்களில் சிலர் இன்று உடோன், சிலர் போலியூ. ஒரே ஆளின் ஞானஸ்நானம் ஒரு பெயரிலும் அடக்கம் மற்றதிலும் பதிவாகியிருக்கும். தேடுகருவியை எடைபோட இதைவிட நல்ல சோதனை இல்லை.

அந்தச் சோதனையில் முதலிடம் மொன்றியால் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய பி.ஆர்.டி.ஹெச். (வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம்) தரவுத்தளத்துக்கு. 1621–1849 பதிவுகளில் ஒருவர் எங்கெங்கே தலைகாட்டுகிறாரோ, எந்தப் பெயரில் காட்டினாலும், அத்தனையையும் ஒரே ஆளின் கோப்பில் இணைத்திருக்கிறார்கள். தம்பதியும் பிள்ளைகளும் ஒரே குடும்பக் கோப்பில் வந்துவிடுவார்கள். குறைகள் இரண்டு: 1849க்குப் பிந்தையது பெரும்பாலும் இல்லை, திறக்கும் கோப்புக்கேற்பக் காசு கழியும். அதனால் கணவன், மனைவி இருவர் குடும்பப் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். வெறும் 'ரோய்' என்று போட்டால் பட்டியலிலேயே மூழ்கிவிடுவீர்கள்.

ட்ரூவேன் என்ற வம்சாவளி நிறுவனத்தின் 'லாஃப்ரான்ஸ்' எனும் தேவாலயப் பதிவு அட்டவணையில் இந்தக் கோப்பு இணைப்பு இல்லை. ஆட்களை நீங்கள்தான் பொருத்த வேண்டும். பதிலுக்கு மூலப் பதிவேட்டின் படம் கிடைக்கிறது, திருமணங்கள் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கம்வரை நீள்கின்றன. படம் அழகுக்கல்ல. உறவுக்குள் மணம் செய்யத் திருச்சபையிடம் வாங்கிய விலக்கு (சிறப்பு அனுமதி) 'மூன்றாம் படி' என்று எழுதியிருந்தால், இருவருக்கும் பாட்டன் பாட்டியின் பெற்றோர் பொது என்று பொருள். ஒரே பெயரில் இரண்டு பேர் குழப்பும்போது அந்த ஒரு வரி தீர்த்துவைக்கும். கட்டணம் நாள், மாத, ஆண்டுச் சந்தாவாக.

அருட்தந்தை சிப்ரியான் தாங்கேயின் ஏழு தொகுதி வம்சாவளி அகராதி (1871–1890) இலவசம். ஏழாம் தொகுதியிலுள்ள மாற்றுப்பெயர்ப் பட்டியல் இன்றும் பயன்படும்; மற்ற தொகுதிகளைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக்கிய இடங்கள் அதில் உண்டு. 1730க்கு முற்பட்ட குடும்பங்களுக்கு ரெனே ஜெத்தேயின் 1983 அகராதியே நம்பகமானது.

காசு செலவழிக்க மனமில்லையா? ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் பங்குகளின் (தேவாலய வட்டாரங்களின்) பதிவேட்டுப் படங்கள் இலவசம். பங்கும் ஆண்டும் தெரிந்தால் போதும், ஏடு ஏடாகப் புரட்டலாம். அங்கே பயனர்கள் கட்டிவைத்த வம்சமரங்களை மட்டும் அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் சில இடறல்கள் மாறாது. ஆண் குழந்தைக்கு ஜோசஃப், பெண் குழந்தைக்கு மரி என்று முதலில் வைப்பது வழக்கம். கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைப்பார்கள். எனவே கிடைத்த ஞானஸ்நானத்தை ஏற்குமுன் அந்தக் குழந்தையின் அடக்கம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக்குப் போனவர்களில் சிலர் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: புவாவேர் கிரீன்வுட் ஆனார், ரோய் கிங் ஆனார், லெப்லான் வொயிட் ஆனார். இவர்களை கியூபெக் பக்கம் கொண்டுவர, மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் பிடித்துக்கொண்டு லாஃப்ரான்ஸில் இறங்கி, பின்னோக்கிப் போய் 1849ஐ எட்டியதும் பி.ஆர்.டி.ஹெச்.சுக்கு மாறுவதுதான் எங்கள் பரிந்துரை.

மறுமணமானால் பெரும்பாலும் பெற்றோருக்குப் பதில் இறந்த துணையின் பெயர் மட்டும் இருக்கும். முதல் திருமணத்தைத் தேடுங்கள். அது அகப்படாவிட்டால் நோட்டரி எழுதிய திருமண ஒப்பந்தம் கியூபெக் தேசிய நூலக ஆவணக்காப்பகத்தில் இருக்கக்கூடும்.