நீட்டில் சீட் கிடைக்கவில்லை: மறுபடி எழுத ஒரு வருஷம் படிப்பை நிறுத்தலாமா, காலேஜில் சேர்ந்துகொண்டே எழுதலாமா?

கடலூரில் பிளஸ் டூ முடித்த வீடுகளில் இதே பேச்சுதான்.

செலவு: வீட்டிலிருந்து படித்தால் புத்தகம், மாதிரித் தேர்வோடு போகும், கோச்சிங், ஹாஸ்டல் என்றால் லட்சத்தைத் தாண்டும். தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரி அரசுக் கல்லூரி, கட்டணம் சொற்பம்.

நேரம்: நிறுத்தினால் நாள் முழுக்க உங்களுடையது. காலேஜ் போனால் ராத்திரி மட்டும். அதிலும் ரெக்கார்டு நோட்டு பாதியைத் தின்னும். என் தங்கை புதுச்சேரி பஸ்ஸில் உயிரியல் புரட்டினாள். நின்றுகொண்டு இயற்பியல் கணக்கு போட முடியுமா?

மறுபடியும் சீட் கிடைக்காவிட்டால்: காலேஜ்காரருக்கு இரண்டாம் ஆண்டு இருக்கிறது. நிறுத்தியவருக்குச் சொந்தக்காரர்களின் கேள்விதான்.

நீட்டை எத்தனை முறையும் எழுதலாம். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு அடுத்தடுத்த 2 ஆண்டுகள்தான்.

மொத்தம் 720 மார்க்கில், நாற்பது, ஐம்பது மார்க் குறைந்து சீட்டைத் தவறவிட்டவர் தாராளமாக நிறுத்தலாம். 200 மார்க் பின்னால் நிற்பவர் முதலில் அட்மிஷன் போட்டுவிடட்டும்.