எண்பதைக் கடந்தவருக்கு வார்ஃபரினா, அபிக்ஸாபானா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாறுமாறான இதயத்துடிப்பு, முதுமையில் பக்கவாதத்துக்குப் பெரிய காரணம். இரத்தக்கட்டியைத் தடுக்க வார்ஃபரின், அபிக்ஸாபான் இரண்டில் எந்த மாத்திரை என்று பல குடும்பங்கள் தவிக்கின்றன.

செலவு: வார்ஃபரின் மலிவு. அபிக்ஸாபான் விலை கூடுதல்.

கண்காணிப்பு: வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். திடீரென முருங்கைக்கீரை அதிகம் சாப்பிட்டால் இறங்கும். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் எகிறும். நடமாட முடியாத பாட்டியை இதற்காக அடிக்கடி அலைக்கழிப்பது கொடுமை. அபிக்ஸாபானுக்கு அந்தப் பரிசோதனை இல்லை. ஆனால் தினம் இரண்டு வேளை, தவறவே கூடாது.

பாதுகாப்பு: மூளைக்குள் இரத்தக்கசிவு அபிக்ஸாபானில் குறைவு என்று 2011-இல், இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்ட அரிஸ்டாட்டில் என்ற ஆய்வு காட்டியது.

இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு வார்ஃபரின்தான். மற்ற முதியவர்களில் பெரும்பாலோருக்கு, சிறுநீரகத்தைப் பரிசோதித்தபின், அபிக்ஸாபானே மேல். கீழே விழுந்து இரத்தம் கசிந்துவிடுமோ என்று பயந்து, மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்திவிடாதீர்கள்.