வர்க்கி பிரமாதம், ரசீதுதான் இல்லை

அக்டோபர் கடைசி ஞாயிறன்று குன்னூர் பெட்போர்டில் கல்லூரி மாணவிகள் சிலர் மேசை போட்டு வர்க்கியும் தேநீரும் விற்றார்கள். வரும் பணம் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காம். பொட்டலம் 60 ரூபாய், விலை அதிகம்தான். ஆனால் வர்க்கி காலையில் விறகடுப்பிலிருந்து வந்தது. விரல் பட்டாலே அடுக்கடுக்காக உதிர்ந்தது. தேநீரோ வெறும் வெந்நீர். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இப்படி ஒரு தேநீரா!

பணம் எங்கே போகும் என்று கேட்டேன். ஒருத்தி திருதிருவென விழித்தாள். மற்றவள், "சென்னைக்கு அனுப்புவோம் அம்மா" என்று தொடங்கி, 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய கதை வரை சொன்னாள். ரசீது கேட்டால் மட்டும், புத்தகம் விடுதியில் இருக்கிறதாம். ஊரார் பணத்தை வாங்குகிறவர்கள் அதையல்லவா முதலில் எடுத்து வைத்திருக்க வேண்டும்?

பொட்டலத்தோடு ஒரு துண்டுச்சீட்டும் தந்தார்கள். வலிக்காத கட்டியையும் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. என் அக்கா, வலிக்கவில்லையே என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தவள். இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.