எங்கள் ஆலயத்து மரத்தடுப்பு: பாதுகாப்புப் பணி பற்றி ஒரு மதிப்புரை

பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியில் உள்ள எங்கள் தமிழ் ஆலயத்தில், பிரசங்கபீடத்தை ஒட்டி நிற்கும் தேக்குத் தடுப்பை ஆய்ந்து செப்பனிடும் பணியைச் சேகரக் குழு ஒரு மரப் பாதுகாப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. பணி நிறைவாக இருந்தது, குறைகளும் உண்டு.

வந்தவர்கள் உப்புத்தாளைத் தொடவில்லை. டார்ச் விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார்கள். அந்த வெளிச்சத்தில், இப்போது எந்தக் கழுந்தும் (மூட்டில் செருகும் மரமுனை) இறங்காத வெற்றுத் துளைகளும், அவற்றை அடைத்திருந்த மரத்துண்டுகளும் புலப்பட்டன. சில சட்டங்களில் கைவாளின் ஒழுங்கற்ற நேர்க்கோடுகள், வேறு சிலவற்றில் ஆலை வட்டவாளின் வளைகோடுகள். தளர்ந்திருந்த ஒரு மூட்டினைப் பிரித்தபோது உள்முகத்தில் பச்சை வண்ணம் இருந்தது. மூட்டுக்குள் மறையப்போகும் முகத்துக்கு யாரும் வண்ணம் பூசமாட்டார்கள் என்பதால், அந்தச் சட்டம் முன்பு வேறெங்கோ வெளித்தெரிய நின்றிருக்க வேண்டும். எந்தக் கட்டடத்தில் என்று மூப்பர் ஒருவர் கேட்டதற்கு, ஆதாரமின்றிச் சொல்ல இயலாது என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு அந்த மறுப்பு பிடித்திருந்தது. நம் ஆசாரிகளில் பலர் இந்தத் துளைகளுக்குப் பட்டி பார்த்து, பளபளவென்று பாலிஷ் போட்டுத் தந்திருப்பார்கள். மரத்தின் முந்தைய வாழ்வுக்கான சான்று அத்தோடு போயிருக்கும்.

வண்டு அரித்தது வைரம் பாயாத வெளிறுப் பகுதியை மட்டுமே. வண்டுத் துளைகளுக்குக் கீழே கறுப்புத்தாள் விரித்து, புதிதாகத் தூள் விழவில்லை என்று உறுதிசெய்த பிறகு மருந்தடிப்பதையே தவிர்த்தார்கள். அடிச்சட்டத்தில்தான் ஈரத்தால் வந்த உளுப்பு. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சுவரில் மழைநீர் இறங்கிய வழியை முதலில் அடைக்கச் சொன்னார்கள். உதிர்ந்த இடங்களில், பின்னாளில் அசிட்டோனால் கரைத்தெடுக்கக்கூடிய பாராலாய்டு பி-72 என்ற, மரத்தை இறுக்கும் பிசினைச் செலுத்தினார்கள். புதிதாகச் சேர்த்த துண்டின் நிறம் பழையதோடு இசைந்தாலும், கிட்டே போனால் வேறுபாடு தெரிகிறது. பின்புறம் ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளது. சேர்க்கும் பகுதி இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியவும் வேண்டும் என்பது பழஞ்சின்னங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறியான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்வதுதான்.

குறை என்றால், அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கிறிஸ்துமஸுக்குள் முடிப்பதாகச் சொன்ன வேலை தவக்காலம் வரை இழுத்தது. தடுப்பு இன்னும் பழசாகவே தெரிகிறது என்று கல்யாண வீட்டார் முணுமுணுக்கிறார்கள். அதை நான் குறையாகக் கொள்ளவில்லை.

வேறு திருச்சபையார் இத்தகைய பணியை ஒப்படைப்பதாக இருந்தால், ஆய்வுக்கும் செப்பனிடுதலுக்கும் தனித்தனியே விலைப்புள்ளி கேளுங்கள். ஆய்வறிக்கையைப் படித்த பிறகே இரண்டாவதற்குக் கையெழுத்திடுங்கள்.