கமான் பட்டை மாற்றிய பிறகு: லோடு ஏற்றினால் சுகம், காலி வண்டிதான் கொடுமை

உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதுவரை தள்ளிப்போட்டு வந்த வேலையை அப்போதுதான் முடித்தேன். ஒன்றரை டன் பிக்கப். பின்பக்கம் இரண்டு பக்கமும் கமான் பட்டை (பாரத்தைத் தாங்கும், வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டை அடுக்கு), ஷாக்கில் புஷ் (பட்டை முனை இணைப்பில் இருக்கும் ரப்பர்), யூ போல்ட் (பட்டையை ஆக்ஸிலோடு இறுக்குவது), ஷாக் அப்சார்பர் எல்லாம் புதுசு. இப்போது கூட ஓட்டும் தம்பி ஒருவர், "என் வண்டிக்கும் மாத்திரலாமாண்ணே?" என்கிறார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

முன்பு இடது பக்கப் பட்டை தளர்ந்து வண்டி சாய்ந்தே நிற்கும். தக்காளிப் பெட்டி ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும். டிம்மில் போனாலும் எதிரே வருகிறவர்கள் டிம் பண்ணச் சொல்லி லைட் அடிப்பார்கள். பின் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துப் பார்த்தால் துளை முட்டை வடிவில் இருந்தது. அந்த 'டொக் டொக்' சத்தம் அங்கிருந்துதான்.

இப்போது லோடோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காடு போனால் குறை சொல்ல முடியாது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரே அசைவு, அப்புறம் அடங்கிவிடும். வளைவிலும் நிதானம்.

திரும்பி வரும்போதுதான் வயிற்றெரிச்சல். பட்டறைக்காரர் என்னைக் கேட்காமலே ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துவிட்டார். கேட்டால், "எப்படியும் ஓவர்லோடு அடிக்கத்தானே போறீங்க" என்கிறார். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பித்து, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் ஏறும். நான் அந்தப் பக்கமே போவதில்லை. காலி வண்டி சின்னக் குழியில்கூட எகிறுகிறது. பின்னால் பிளாஸ்டிக் பெட்டிகள் குதிக்கிற சத்தத்தில் போன் பேச்சுக்கூட காதில் விழாது. மோசமான ரோட்டில் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் தரையை விட்டு விட்டுப் பிடிக்கிறது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியில் இணைந்த வால்வு ஒன்று இருக்கும், எல்எஸ்பிவி என்பார்கள். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை சேர்த்து உயரம் கூடினால், லோடு இருந்தாலும் காலி வண்டி என்றே கணக்குப் போட்டுப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நான் போய் நின்று கேட்ட பிறகுதான் அதை செட் பண்ணினார்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும், ஆள் வேலையில் சுத்தம். ஜாக்கியை இறக்கி, பாரம் சக்கரத்தில் நின்ற பிறகுதான் ஷாக்கில் போல்ட்டைக் கடைசியாக முறுக்கினார். தூக்கி வைத்தே முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கொஞ்சம் ஓட்டிவிட்டு வரச் சொல்லி யூ போல்ட்டையும் மறுபடி டைட் வைத்துக் கொடுத்தார்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, தம்பிக்கு என் பதில்: மாத்தாதீங்க. பட்டையில் விரிசல் இருந்தாலோ பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் போயிருந்தாலோ வேறு வழியில்லை. சத்தம் மட்டும்தான் என்றால் புஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அடுத்த வாரம் வண்டியைப் பட்டறையில் விட்டு அந்த எக்ஸ்ட்ரா பட்டையைக் கழற்றப் போகிறேன். கழற்றியதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.