கலர் படத்தை நம்பாதே என்று சொன்ன வகுப்பு

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார்.

பீளமேட்டில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வெர்டிகல் மில்லிங் மெஷினில் 6061 ரக அலுமினியத் தகடுகளை ஃபிரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் (சுழலும் டூலை அழுத்தி, உராய்வுச் சூட்டில் சேர்க்கும் முறை) இணைத்துப் பார்த்து, நாலு ஹெச்13 எஃகு டூல் உடைந்தது. முதலில் கம்ப்யூட்டரில் உடைத்துப் பார்ப்போமே என்றுதான், இந்த வெல்டிங்கைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லித்தரும் இந்த சனி ஞாயிறு பயிற்சியில் சேர்ந்தேன். கட்டணம் 4,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் வரலாறு. 1991இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமான டிடபிள்யூஐ கண்டுபிடித்தது, உலோகத்தை உருக்காமல் பிசைந்தே சேர்ப்பது, இத்யாதி. இதெல்லாம் தெரிந்தவர்கள் பத்தரைக்கு மேல் போனால் போதும்.

அப்புறம்தான் சரக்கு. 6 மி.மீ. தகடு, 18 மி.மீ. ஷோல்டர் (தகட்டின் மேல் உரசும் டூலின் அகலப் பகுதி), 1000 ஆர்பிஎம், நிமிடத்துக்கு 60 மி.மீ. நகர்வு, உராய்வுக் குணகம் 0.4 என்று போட்டு ஓட்டினோம். எங்கே எவ்வளவு சூடு என்று காட்டும் படம் சிவப்பும் மஞ்சளுமாக அழகாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பாடம் எடுத்த சார் பின்னால் வந்து நின்று, "உச்சம் எவ்வளவுங்க?" என்றார். 704 டிகிரி. "6061 உருக ஆரம்பிக்கிறதே 582லதான். நீங்க வெல்டிங் பண்ணலீங்க, சாம்பார் வெச்சிருக்கீங்க."

எங்கே தப்பு என்று அவரே காட்டினார். சூடு ஏற ஏற அலுமினியம் இளகிவிடும். அவர் தந்த அட்டவணையில் அறை வெப்பத்தில் 240 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்குவது, 316 டிகிரியில் 19க்கு இறங்கியிருந்தது. இளகிய உலோகம் டூலைப் பிடிக்காது, பிடிக்காவிட்டால் சூடும் பிறக்காது. 0.4ஐக் கடைசிவரை அப்படியே வைத்திருந்தால் கணக்கு பொய் சொல்லும். இளகிய உலோகம் எவ்வளவு தாங்கும் என்ற வரம்பையும், அடித்தகடு உறிஞ்சும் சூட்டையும் சேர்த்தபின் 480க்கு வந்தது. தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) வைத்து வெல்டிங் செய்த ஒரு தகட்டின் அளவுகளோடு அதை ஒப்பிட்டும் பார்த்தோம். இந்த ஒரு மதியத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

ஆனால் நான் போனது சுரங்க ஓட்டைக்காக. வெல்டின் உள்ளே, அட்வான்ஸிங் பக்கம் (டூல் சுழலும் திசையும் நகரும் திசையும் ஒன்றாக இருக்கும் பக்கம்) நீளமாக விழுமே, அது. வெறும் சூட்டுக் கணக்கில் அது தெரியாது, உலோகம் ஓடுவதையே கணக்கிட வேண்டும். அதை ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் புரொஜெக்டரில் காட்டியதோடு சரி. கேட்டதற்குக் காரணம் சொன்னார்: தகட்டை அரை மி.மீ. கட்டங்களாகப் பிரித்து மெஷ் போட்டால், கணக்கின் ஒவ்வொரு படியும் நொடியின் கோடியில் ஒரு பங்கு, ஒரு நொடி வெல்டிங்குக்கு ஒரு கோடி படி. எங்கள் லேப்டாப் தாங்காது. நியாயம்தான். அதை விளம்பரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

கையேடு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். வெப்பப் படத்தில் சூடும் குளிரும் ஒரே சாம்பல் நிறம்.

அடுத்த பேட்ச்சில் போகிறவர்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோங்கள். எங்கள் மேசையில் ஆறு பேருக்கு இரண்டு பிளக்தான்.