சொல்லிவிட்டு வரலாமா, சொல்லாமல் வரலாமா: மருத்துவமனை ஆய்வில் எது பலன் தருகிறது?

மருத்துவமனைக்கு வெளியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முதலில் பளபளப்பது தரைதான். அப்புறம் விடுபட்ட கையெழுத்துகள் ஒரே ராத்திரியில் ரெஜிஸ்டரில் ஏறிவிடும். தேதி சொல்லிவிட்டு வரும் ஆய்வின் பலவீனம் இது. ஆனால் முழுக்க வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 20 மருத்துவமனைகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். தரச்சான்றுத் திட்டத்தில், அதாவது வெளி ஆய்வாளர்கள் விதிப்பட்டியலை வைத்துச் சரிபார்த்துச் சான்று தரும் திட்டத்தில், சேர்ந்தவை விதிகளைப் பின்பற்றும் அளவு 38 சதவீதத்திலிருந்து 76 ஆனது. சேராதவை இருந்த இடத்திலேயே நின்றன. சரி, சிகிச்சை? அளந்த 8 குறியீடுகளில் தெளிவாக உயர்ந்தது ஒன்றே ஒன்று: பராமரிப்பின் தரம் பற்றி நர்ஸ்களுக்கு இருந்த எண்ணம்.

சொல்லாமல் வந்தால்? அமெரிக்காவில் 2008 முதல் 2012 வரை நடந்த திடீர் ஆய்வுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஆய்வு நடந்த வாரத்தில் சேர்ந்த மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7.03 சதவீதம், முன்பின் வாரங்களில் 7.21. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் உயிர்க் கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு: ஆய்வாளர் இருக்கும் வாரத்தில் முடிகிறது என்றால், மற்ற 51 வாரங்களில் ஏன் முடியவில்லை? டென்மார்க்கில் சொல்லி வருவதையும் சொல்லாமல் வருவதையும் நேருக்கு நேர் சோதித்தபோது, கண்டுபிடித்த குறைகளில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

என் ஓட்டு மூன்றாவது வகைக்கு. ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு கேஸ் ஷீட்டைப் புரட்டும் ஆய்வு. நார்வேயில் 24 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் ஆபத்தான நிலை) நோயாளிகளை வைத்து இதைச் செய்தார்கள். இங்கே தரையின் பளபளப்பு எடுபடாது. நோயாளி எத்தனை மணிக்கு வந்தார், டாக்டர் எப்போது பார்த்தார், நோய் எவ்வளவு தீவிரம் என்று காட்டும் லாக்டேட் அளவை ரத்தத்தில் எப்போது பார்த்தார்கள், முதல் ஆன்டிபயாடிக் எப்போது ஏறியது என்று நேரம் நேரமாகப் பார்த்தார்கள். 9.10க்கு வந்தவருக்கு மருந்து 12.40க்கு ஏறியிருந்தால், அந்த மூன்றரை மணி நேரம் எங்கே போனது என்று டாக்டரும் நர்ஸும் நிர்வாகியும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். எட்டாவது மாதமும் பதினான்காவது மாதமும் மறுபடி கேஸ் ஷீட் பார்க்கப்படும் என்பதால் ஒரு ராத்திரி வேலை போதாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கிடைத்தவர்கள் கூடினார்கள். லாக்டேட் பரிசோதனையும் கூடியது. இறப்பும் குறைந்தது, ஆனால் காலப்போக்கில் தானாகவே வரும் முன்னேற்றத்தைக் கழித்துவிட்டால் அது ஆய்வால்தான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. செப்சிஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருப்பவர் கண்ணில், பூட்டிக் கிடக்கும் தீயணைப்பு வழியும் டிராலியில் கிடக்கும் காலாவதி மருந்தும் படாது. அந்த வேலைக்கு மட்டும் திடீர் ஆய்வை வைத்துக்கொள்ளலாம்.